வாப்பாவிடம் சொல்லாதீர்கள்

"வாப்பாக்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, மிஸ்ஸி!"

கல்முனைப் பக்கத்து வைத்தியசாலை ஒன்றிலே, விடுதி வாயிலில் தாதியை மறித்து என் நண்பர் இவ்வாறு வேண்டினார். உள்ளே கட்டிலில் இருந்த அவர் தந்தைக்குப் புற்றுநோய். அது ஈரலையும் பற்றிவிட்டது. வயிற்றுப்புண் என்றே வீட்டார் முதியவருக்குச் சொல்லி வைத்திருந்தனர். சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று நீளும் எம் கரையோர ஊர்களுக்கு இக்காட்சி புதியதன்று. இந்துக்களாகிய எம் இல்லங்களிலும் இதே கதைதான். கேட்டால் தாங்கமாட்டாரே என்னும் அன்பு அது.

ஆயினும், அவ்வன்பு நோயாளியிடமிருந்து எதனைப் பறித்துக்கொள்கிறது என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரணத்தை அண்மிய முஸ்லிம் ஒருவருக்குச் செய்துமுடிக்க வேண்டிய கருமங்கள் பல உள. பட்ட கடனைத் தீர்த்தல் வேண்டும். இயலாவிடின், இன்னாருக்கு இவ்வளவு என்று பிள்ளைகளிடம் ஒப்புவித்தல் வேண்டும். மனம் நோகச் செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டல் வேண்டும். வாரிசல்லாத ஒருவருக்கோ தருமத்துக்கோ சொத்தில் மூன்றிலொரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம். எம் பகுதியிலோ பெண்மக்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். இளைய மகளின் வீடு அரைச்சுவரோடு நிற்க, எந்தத் தகப்பனின் மனம் அமைதியுறும்? வயிற்றுப்புண் என்று நம்பியிருப்பவர் இவற்றையெல்லாம் அடுத்த பெருநாளைக்கு ஒத்திவைத்துவிடுவார்.

முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணஞ் செய்து மஹரகமவுக்குப் போகிறவர்களுக்கு மொழிச் சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. சிங்களம் அறியாத தந்தைக்கும் தமிழ் அறியாத தாதிக்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பவர் மறைக்க விரும்பும் அதே மகன்! தாதி பத்து வார்த்தை சொன்னால் தந்தையின் செவிக்கு இரண்டு எட்டினால் பெரிது.

அப்படியாயின், தாதி நேரே சென்று உண்மையைப் போட்டுடைத்துவிடலாமா? கூடாது. 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வைத்தியராகுமுன் தாதியாகப் பயின்றவர். முதலில் நோயாளியின் பேச்சைக் கேட்கவேண்டும் என்பதே அவர் வழி. "உங்கள் நோயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வைத்தியர் சொல்வதை உங்களிடம் சொல்வதா, மகனிடம் சொல்வதா?" என்று கேட்கலாம். "மகனிடமே சொல்லுங்கள்" என்பாரும் உளர். அதுவும் அவர் தீர்மானமே.

சொற்களிலும் கவனம் வேண்டும். தமிழ்த் தாதியும் முஸ்லிம் நோயாளியும் பேசுவது ஒரே மொழிதான். எனினும் 'சாவு' என்பது சுடும், 'மௌத்து' என்பது பழகிய சொல். "அல்லாஹ் நாடினால் சுகமாகும்" என்பவர் உண்மையை ஏற்க மறுக்கிறார் என்று கொள்ளுதல் பிழை. துஆவும் ஆயத்தமும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடியவை.

வேதனை தணிக்கும் மோர்பின் மருந்தும் இவ்வாறே பேசித் தீர்க்கவேண்டிய ஒன்று. அது போதையன்றோ, கடைசி வேளையிற் கலிமாச் சொல்லும் நினைவு தப்பிவிடுமோ என்று பலர் அஞ்சுகின்றனர். நோய் தீர்க்கும் தேவைக்கு அது ஆகுமென்பதே மார்க்க அறிஞர் பலரின் கருத்து. அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் பெரும்பாலும் தெளிவு கெடாது. இதனைச் சொல்ல எத்தனை நிமிடம் ஆகும்? படுத்தபடியே சைகையால் தொழலாம், நீர் ஆகாதவர் தயம்மும் செய்யலாம் என்பவற்றை முஸ்லிமல்லாத தாதியும் அறிந்திருத்தல் நன்று.

கேரளத்திலே, 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்தணிப்புப் பணி, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புறத்திலே அயலார் கைக்கு வந்தது. பயிற்சி பெற்ற ஊரவர்கள் தாதியோடு வீடுவீடாகச் செல்கின்றனர். விடுதியிற் பேசக் கூசுவதை வீட்டுப் பாயில் இருந்து பேசலாமன்றோ? பள்ளிவாசலும் குடிமுறையும் இத்துணை உறுதியாயுள்ள எம் ஊர்களுக்கு இது ஏன் இயலாது?

நண்பரின் தந்தை கதைக்கு வருவோம். தாதி ஒரு தமிழ்ப் பெண். மகனுக்குக் கொடுத்த வாக்கின்படி அவர் எதையும் சொல்லவில்லை, "வாப்பா, உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். முதியவர் வாயிற்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலிற் சொன்னாராம்:

"எனக்குத் தெரியும் மகள். மகனுக்குச் சொல்லிப்போடாதீங்க, அவன் தாங்கமாட்டான்."

மறுநாள் மாலை நண்பர் வீட்டிலிருந்து கடன் கொப்பியை எடுத்துச் சென்றார். அதில் இன்னும் வெட்டப்படாத பெயர்கள் மூன்று இருந்தன.