முடியைப் பிடுங்கும் கை: கெட்ட பழக்கமா, நோயா?

லேப்டாப்பில் வேலை ஓடிக்கொண்டிருக்கும். கை தானாகத் தலைக்குப் போகும். நிமிர்ந்து பார்த்தால் மேஜை முழுக்க முடி. சொட்டை தெரிந்துவிடுமோ என்று பார்லருக்குப் போகவே பயம். ‘கையை எடு’ என்று அம்மா திட்டினாலும் நிற்காது.

இதற்குப் பெயர் ‘ட்ரைக்கோட்டிலோமேனியா’. 1889-ல் பிரெஞ்சு தோல் மருத்துவர் ஹாலோப்போ வைத்த பெயர். 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 கையேடு இதை ஓசிடி சார்ந்த கோளாறுகளில் சேர்த்தது. மன உறுதி இல்லாததால் வருவதல்ல இது. பிடுங்கும் முன் பலருக்கு ஒரு இறுக்கம், பிடுங்கியதும் சின்ன நிம்மதி, பிறகு குற்ற உணர்ச்சி. இந்தச் சுழல்தான் விடாமல் இழுக்கிறது.

என்ன செய்யலாம்?

* எந்த நேரத்தில், என்ன செய்யும்போது கை போகிறது என்று போனில் குறித்து வையுங்கள்.
* கை எழும்போதே முஷ்டியை இறுக்கி ஒரு நிமிடம் வைத்திருங்கள். 1973-ல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் உருவாக்கிய பழக்க மாற்றுப் பயிற்சியில் இது முக்கியமான படி. மனநல நிபுணரிடம் முறையாகக் கற்றால் பலன் அதிகம்.
* படிக்கும்போது தலையில் ஸ்கார்ஃப், விரல் நுனியில் பிளாஸ்திரி உதவும்.
* பிடுங்கிய முடியை விழுங்குகிறீர்களா? வயிற்றில் உருண்டையாகச் சேர்ந்து ஆபரேஷன் வரை போகலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

முதலில் யாரிடம் சொல்வது என்று தயக்கமா? அரசின் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திட்டினால் கை நிற்காது, மறைக்கத்தான் தொடங்கும்.