அச்சகத்துக்குப் போகும் முன் வாசகரைத் தேடுங்கள்

எங்கள் ஊவா மாகாணத்தில் எழுதுபவர்களுக்குக் குறைவில்லை. ஆசிரியர்கள், தோட்ட உத்தியோகத்தர்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள் எனப் பலரும் கதையும் கவிதையும் எழுதுகிறார்கள். அவர்களில் சிலர் நகையை அடகு வைத்தோ கடன் எடுத்தோ ஒரு நூலையும் வெளியிட்டு விடுகிறார்கள். விழா நடக்கிறது, பொன்னாடை போர்த்துகிறார்கள், முதற்பிரதி கைமாறுகிறது. அடுத்த வாரமே மிகுதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் போய்விடுகின்றன. இரண்டாவது நூலை எழுத வேண்டியவர் முதல் நூலின் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் பேனையை மூடிவைத்தால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல. வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கத்து முஸ்லிம்களின் வாழ்க்கையையும் தோட்டத்து மக்களின் வாழ்க்கையையும் வெளியூரார் வந்து எழுதித் தரப்போவதில்லை.

வெளியீட்டு விழா ஒரு சந்தை அல்ல. அங்கே நூல் வாங்குபவர் பெரும்பாலும் நம்மீதுள்ள அன்புக்காகவே வாங்குகிறார். அந்த அன்பை ஒரு முறைதான் கேட்க முடியும். வாசகர் என்பவர் வேறு. அவரை விழாவுக்குப் பிறகு தேடக்கூடாது, நூல் அச்சேறும் முன்பே தேட வேண்டும்.

நம் முன்னோடிகள் இதைச் செய்திருக்கிறார்கள். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. அதை எழுதிய அறிஞர் சித்திலெவ்வை, 1882 இலேயே 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிவிட்டார். நாவல் வரும்போது அவரை வாசித்துப் பழகிய ஒரு கூட்டம் இருந்தது.

நம் மாவட்டத்தவரான தெளிவத்தை ஜோசப்பின் பெயரை, அவரது முதல் நூல் வருவதற்கு முன்பே வீரகேசரியின் மலையகச் சிறுகதைப் போட்டிகள் வாசகரிடம் கொண்டு சேர்த்தன. 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974 இல் வீரகேசரி வெளியீடாகவே வந்தது. 1966 இல் 'மல்லிகை'யை ஆரம்பித்த டொமினிக் ஜீவா, இதழ்களைப் பையில் சுமந்து தெருத்தெருவாகத் தானே விற்றார். அப்படித்தான் அந்தச் சஞ்சிகை நாற்பது ஆண்டுகளைத் தாண்டியது.

ஆகவே முதல் ஆலோசனை: நூலாக்கும் முன் படைப்புகளைப் பத்திரிகைகளுக்கும் சஞ்சிகைகளுக்கும் அனுப்புங்கள். திரும்பி வந்தால் திருத்துங்கள். உங்களைப் புகழாத ஒருவரிடம் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது என்று கேளுங்கள். பத்துப் பேரின் வாழ்த்துரையை விட அது நூலுக்குப் பயன்படும்.

இரண்டாவது, பதிப்பாளரை அணுகும் முறை. முழுப் பிரதியையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முதலில் அந்தப் பதிப்பகம் எவ்வகை நூல்களை வெளியிடுகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு பக்கக் கடிதம் போதும். நூல் எதைப் பற்றியது, யார் வாசிப்பார்கள், இதில் எவை எங்கே வெளிவந்தன, நீங்கள் யார் என்ற நான்கு விடயங்களுடன் மிகச் சிறந்த ஓர் அத்தியாயத்தையும் இணையுங்கள். முதல் நூலுக்குக் கைகொடுப்பவர்களும் நம்மிடையே உண்டு. புரவலர் ஹாசிம் உமரின் 'புரவலர் புத்தகப் பூங்கா' பலரது முதல் நூலை வெளியிட்டிருக்கிறது.

மூன்றாவது, சொந்தமாக வெளியிடுவதாயின் கணக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு பிரதிக்கு 300 ரூபா வீதம் 500 பிரதிகள் அச்சிட்டால் செலவு 150,000 ரூபா. விலை 500 ரூபா என்று வைப்போம். புத்தகசாலைக்கு 35 வீதம் கழிவு கொடுத்தால் கையில் வருவது 325 ரூபாதான். முதலை மீட்கவே 462 பிரதிகள் விற்க வேண்டும். நேரடியாக விற்றால் 300 பிரதிகள் போதும். இப்போது டிஜிட்டல் முறையில் 100 பிரதிகள் மட்டும் அச்சிடவும் முடியும். ஒரு பிரதியின் செலவு கூடினாலும் முடங்கும் பணம் குறைவு. அவை விற்றபின் மீண்டும் அச்சிடலாம்.

நான்காவது, எழுத்து வேலைகள். ஐ.எஸ்.பி.என். எனப்படும் சர்வதேச தராதர நூல் எண்ணை, அச்சிடும் முன்பே கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற்றுக்கொள்ளுங்கள். எழுத்தாளர்களுக்கான அதன் வெளியீட்டு உதவித் திட்டம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது. உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். உரிமையைப் பிறருக்குக் கொடுப்பதாயின் எழுத்தில், கையொப்பத்துடன் கொடுக்க வேண்டும். எத்தனை பிரதிகள், எத்தனை வீதம், எத்தனை வருடங்கள் என்று எழுதாமல் கையொப்பமிடாதீர்கள். "நம்ம ஆள்தானே" என்ற நம்பிக்கையில் உறவும் போய் உரிமையும் போனவர்கள் உண்டு.

ஐந்தாவது, விற்பனை. கொழும்புக் கடைகளை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு பாடசாலையிலும் பரிசளிப்பு விழா நடக்கிறது. மீலாத் போட்டிகள், மத்ரஸா பரிசளிப்புகள் இருக்கின்றன. கிண்ணங்களுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி நூல்களுக்கு வரலாம். அதிபருக்கு ஒரு கடிதமும் ஒரு மாதிரிப் பிரதியும் கொடுத்துப் பாருங்கள். சிறுவர் நூலாயின், பாடசாலை நூலகங்களுக்கான அனுமதியைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்திடம் கோரலாம். பிரதேச சபை, மாநகர சபை நூலகங்களின் கொள்வனவுக் காலத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். செப்டெம்பரில் கொழும்பில் நடக்கும் சர்வதேச புத்தகக் கண்காட்சியில், தனியாகக் கூடம் எடுக்க முடியாதவர்கள் ஒரு பதிப்பகத்தின் மேசையில் சில பிரதிகளுக்கு இடம் கேட்கலாம்.

தன் நூலைத் தானே விற்பதில் நம்மவருக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. ஹலாலான உழைப்பின் விலையைக் கேட்பதில் என்ன வெட்கம்? எல்லோருக்கும் இனாமாகக் கொடுத்தால் வாசிப்பார்கள் என்பதும் நிச்சயமில்லை. காசு கொடுத்தவர் குறைந்தபட்சம் நூலைத் திறந்தாவது பார்ப்பார்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் ஒருவர் நூல் வெளியிட்டால் "எனக்கொரு பிரதி இல்லையா?" என்று கேட்காதீர்கள். விலையைக் கேளுங்கள். அவரது அடுத்த நூல் வெளிவருமா என்பது பெரும்பாலும் அதில்தான் தங்கியிருக்கிறது.