பழி சுமந்த தோள்கள் சுமந்த ஜனாஸாக்கள்

தென்காசி 2019 நவம்பர் 22ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. நான்கு திங்கள் கழியுமுன் கொரோனா என்னும் கொள்ளைநோய் நம் வாயிற்படியில் வந்து நின்றது. புளியங்குடியின் தெருக்கள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டுச் சாரற்காலத்தில் குற்றாலத்து அருவிகள் நீராடுவாரின்றித் தனித்தே வீழ்ந்தன. அந்நோயோடு ஒரு பழிச்சொல்லும் சேர்ந்தே பரவியது.

2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினருள் தமிழகத்தாரும் பலர். ஊர் மீண்டவர்களில் பலருக்கு நோய் கண்டது. அக்கூட்டத்தைத் தள்ளி வைத்திருத்தலே முறை என்பதில் எமக்கு ஐயமில்லை. கொள்ளைநோய் நிலவும் ஊருக்குள் புகுதலும், அங்கிருந்து வெளியேறுதலும் ஆகா என்னும் நபிமொழியை ஓதிக் கொடுக்காத மத்ரஸா உண்டா? ஆயினும், சிலருடைய அசட்டையை ஒரு சமுதாயத்தின் சதியெனத் திரித்தனரே, அதற்கு என்ன பெயரிடுவது? அவ்வழக்குகளில் சிக்கிய வெளிநாட்டினர் பலிகடாக்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை 2020 ஆகஸ்டில் கூறி, வழக்குகளைத் தள்ளியது.

தீர்ப்பு வரும்வரை நம் இளைஞர்கள் காத்திருக்கவில்லை. இறந்தோரின் உடலைத் தொட உற்றாரே அஞ்சிய நாட்கள் அவை. சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்க விடாது கல்லெறிந்த கொடுமையை நாடறியும். அவ்வேளையில் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் முதலிய அமைப்புகளின் ஊழியர்கள் மருத்துவமனை வாயிலில் போய் நின்றனர். உடல் முழுதும் மூடிய கவச உடை. உள்ளே வியர்வை வெள்ளம். இறந்தவர் இந்துவாயின் சுடுகாட்டிற்கும், கிறிஸ்தவராயின் கல்லறைத் தோட்டத்திற்கும், முஸ்லிமாயின் கபுருஸ்தானுக்கும் அவ்வுடலைச் சுமந்து சென்றனர். யூதர் ஒருவரின் பிரேதம் கடந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற வரலாற்றைச் செவியுற்ற சமுதாயமன்றோ!

மையித்தைக் குளிப்பாட்டுதல் ஃபர்ளு கிஃபாயா. அரசின் சுகாதார விதியோ குளிப்பாட்டலைத் தடுத்தது. உறையின் மீதே தயம்மும் செய்விக்கலாம் என்று உலமாக்களுட் சிலர் வழிகாட்டினர். நிர்ப்பந்தத்தில் ஷரீஅத் தரும் சலுகை இது.

நோயினின்று மீண்ட தப்லீக்கினர் அவ்வாண்டு ஏப்ரலிலேயே தில்லியில் பிளாஸ்மா வழங்க முன்வந்தனர். அச்சிகிச்சை மரணத்தைக் குறைக்கவில்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 464 நோயாளரிடம் நடத்திய ஆய்வு பின்னர் காட்டியது. 2021 மே மாதத்தில் அது கைவிடவும்பட்டது. அதனால் கொடுத்தவரின் கூலி குறையுமோ? குறையாது, நிய்யத்தைக் கொண்டே அமல் நிறுக்கப்படும்.

சிக்கலும் அந்த நிய்யத்திலேதான் இருக்கிறது. இழந்த நற்பெயரை மீட்கவே பிரேதம் சுமந்தால் அது ரியா, முகஸ்துதி. புகைப்படம் எடுத்துப் பரப்பியவர்களும் இருந்தனர். அவர்களை முற்றிலும் குறை கூறவும் மனம் வரவில்லை, பழித்தவன் கண்ணில் உண்மை பட வேண்டாவா என்று அவர்கள் கேட்கக் கூடும். எனினும் நம் முன்னோர் காட்டிய வழி வேறு.

அன்னை ஆயிஷா (ரலி) மீது அவதூறு பரவி ஒரு திங்களளவு மதீனா கலங்கிற்று. அதைப் பேசித் திரிந்தவருள் மிஸ்தஹும் ஒருவர். ஏழை முஹாஜிர், பத்ரில் போரிட்டவர், அபூபக்ர் (ரலி) அவர்களின் உறவினர், அவர்கள் கொடுத்த பொருளில் உண்டவர். மகளைத் தூற்றியவருக்கு இனி எதுவும் ஈயேன் என்று தந்தை சத்தியம் செய்தார்கள். அப்போது இறங்கியது சூரத்துந் நூரின் 22ஆம் வசனம்: அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்று அது வினவிற்று. விரும்புகிறேன் என்றார்கள் அபூபக்ர் (ரலி). மிஸ்தஹுக்குரிய உதவி மீண்டும் சென்றது; அதனை ஒருபோதும் நிறுத்தேன் என்றும் உறுதி கூறினார்கள்.