சன்னலோரச் சிறகுகள்

நுழையும்முன்

நோயைக் குணமாக்குவது மருத்துவத்தின் முதற்கடமை. குணமாக்க இயலாத நிலையில் அக்கடமை முடிந்துவிடுகிறதா? 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்னும் சொல் நோயாளரையும் குடும்பத்தாரையும் ஒருசேரத் தனிமையில் தள்ளுகிறது. அச்சொல்லுக்கு மறுமொழியாக வளர்ந்த துறையையும், அதில் செவிலியர் ஆற்றும் பணியையும், நோயாளரின் அறைக்குப் பறவைகள் கொண்டுவரும் ஆறுதலையும் இப்பாடம் விளக்குகிறது.

வலியின் நான்கு முகங்கள்

இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் செவிலியராகப் பயின்று, மருத்துவச் சமூகப் பணியாளராகி, பின்னர் மருத்துவருமானவர். தீரா நோயுற்றோருக்காக 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். உடல், மனம், சமூக உறவு, வாழ்வின் பொருள் குறித்த தேடல் ஆகிய நான்கும் சேர்ந்ததே வலி என்றுரைத்து, அதனை 'முழுமை வலி' எனக் குறித்தார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உழைத்த ஒருவர் புற்றுநோயால் படுத்திருப்பதாகக் கொள்வோம். எலும்பைத் துளைக்கும் நோவு ஒருபுறம். ஊதியம் நின்றுபோன கவலை மறுபுறம். பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற கூச்சமும், 'எனக்கு ஏன் இப்படி?' என்ற வினாவும் அவரை வாட்டும். மாத்திரை முதல்வலியைத் தணிக்கும். ஏனைய மூன்றுக்கும் மனிதத் துணை வேண்டும். இவை அனைத்தையும் ஒருங்கே கருதுவதே வலிதணிப்புப் பராமரிப்பு.

இந்தியாவில் 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா இல்லமும், 1993இல் கோழிக்கோட்டில் வலிதணிப்புக்கான சங்கமும் தோன்றின. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இச்சேவையை இல்லங்களுக்கே கொண்டுசெல்கிறது.

செவிலியரின் கூர்நோக்கு

இப்பணியின் அடித்தளம் உற்றுநோக்கல். படுக்கைப்புண் தோன்றுமுன் தோலின் நிறமாற்றத்தைக் கண்டறிதல், புண்ணைத் தூய்மை செய்தல், வறண்ட உதட்டை நனைத்தல், 'வலியில்லை' என்று சொல்பவரின் நெற்றிச் சுருக்கத்தைப் படித்தல் ஆகியன செவிலியரின் அன்றாடக் கடமைகள். அவர் பேசுவதைவிடக் கேட்பதே மிகுதி.

தெரிந்து தெளிவோம்

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு வலிதணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது. அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

பறவை தரும் ஆறுதல்

நெடுநாள் படுக்கையிலிருப்போருக்கு ஒரு சிறு பறவையும் துணையாகும் என்பதைப் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் செவிலியம் குறித்த தம் நூலில் சுட்டியுள்ளார். அவர் குறிப்பிட்டது கூண்டுப் பறவையை. இன்று நாம் நாடுவது சன்னலுக்கு வெளியே விருப்பம்போல் வந்துபோகும் பறவையை. சன்னல்வழிக் காட்சி நோயாளருக்கு உதவும் என்பதை ரோஜர் உல்ரிச் 1984இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பித்தப்பை அறுவை செய்துகொண்டோருள், செங்கற்சுவரைப் பார்த்திருந்தோரைவிட மரங்களைப் பார்த்திருந்தோர் விரைவில் வீடு திரும்பினர். கடும் வலிமருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஆரணியாற்றங்கரையில் அமைந்த பெரியபாளையத்தில் இதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவ்வாறு சென்று சேரும் பழவேற்காட்டு ஏரியில் குளிர்காலத்தே பூநாரைகள் கூடும். அங்குச் செல்ல இயலாதவருக்கு வீட்டு வேப்பமரமே சரணாலயம். பவானியம்மன் கோவிலில் ஆடித் திருவிழா நடைபெறும் நாள்களில் வேப்பம்பழம் தேடிக் குயிலும் மைனாவும் வரும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் தத்தித் திரியும். இன்று எத்தனை வந்தன, நாளை வருமா என எண்ணத் தொடங்கும் நோயாளருக்கு 'நாளை' என்னும் சொல் மீண்டும் பொருள்பெறுகிறது. எதையும் கேட்காமல் வந்துபோகும் உயிரிடம் அவர் நோயாளராக இருக்க வேண்டுவதில்லை.

எனினும் பறவை மருந்தாகாது. கடும் வலியில் துடிப்பவரால் எதனையும் இரசிக்க இயலாது. மருத்துவர் அறிவுரைப்படி தரப்படும் மார்பின் போன்ற மருந்தால் முதலில் வலியைத் தணிக்க வேண்டும். வலி அடங்கிய பொழுதை நிறைப்பதற்கே பறவை.

பகிர்ந்தால் குறையும் சுமை

தவிட்டுக்குருவிகளிடம் ஓர் அரிய இயல்புண்டு. குஞ்சுகளுக்கு இரையூட்டும் பணியில் பெற்றோரல்லாத பறவைகளும் பங்கேற்கும். நம் இல்லங்களிலோ நோயாளரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் தாய், மனைவி, மகள் என ஒருவர் தோளிலேயே விழுகிறது. இரவு உறக்கமின்றிப் பகலிலும் ஓய்வின்றி உழைப்பவர் தாமும் நோயுறுகிறார்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. நோயாளரின் கட்டிலைச் சன்னலோரம் நகர்த்தலாம். ஆழமற்ற மண்சட்டியில் வெளியே நீர் வைக்கலாம். கொசு பெருகாதிருக்க அந்நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். மாலையில் ஒருமணி நேரம் அவரருகே அமர்ந்து, அன்று வந்த பறவைகளின் பெயர்களை அவர் சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதலாம். அந்த ஒருமணி நேரம், பேணுபவர் கண்ணயரக் கிடைக்கும் பொழுதுமாகும்.