மடிக்கணினிக்கு எந்த ஹார்ட் டிஸ்க்?

மடிக்கணினி இன்று நம் சிவகிரிக்குப் புதுமைப் பொருளன்று. 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு மேனிலை வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதன்பின் நம் ஊரின் எத்தனையோ வீடுகளில் அது டிரங்குப் பெட்டியின் மேல் இடம் பிடித்துவிட்டது. அந்த முதற் கணினிகளில் இருந்த ஹார்ட் டிஸ்க் 320 ஜி.பி. கொள்ளளவு உடையது. 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்க்கென அறிவித்த கணினிகளிலோ 256 ஜி.பி.தான். “இத்தனை ஆண்டு கழித்துக் குறைத்தா கொடுப்பார்கள், டீச்சர்?” என்று ஒரு மாணவியின் தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. மகளுக்குக் கணினி வாங்கக் கடைக்குச் செல்லும் பெற்றோர் அனைவரும் இதற்கு விடை அறிந்திருப்பது நல்லது.

ஹார்ட் டிஸ்க் என்பது இசைத்தட்டுக்கு உறவுமுறை எனலாம். காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்திற்கு 5,400 முறை சுழல, அதன்மேல் ஒரு முள் எழுதியும் படித்தும் வருகிறது. இசைத்தட்டின் முள் தட்டைத் தொடும், இதுவோ தொடாது. இரண்டிற்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ஓடிக்கொண்டிருக்கும் கணினி மேசையிலிருந்து விழுந்தால் என்னவாகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் டிஸ்கில் 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது இருந்தன. எடை ஒரு டன்னுக்கு மேல். அது கொண்டதோ 50 இலட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதை ஏறக்குறைய நிரப்பிவிடும்.

எஸ்.எஸ்.டி. வேறு இனம். அதில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. சிலிக்கானில் அமைந்த நுண்ணறைகளில் மின்னூட்டத்தை அடைத்து வைக்கும் பிளாஷ் முறையில் அது இயங்குகிறது. அம்முறையை 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கியவர் புஜியோ மசுவோகா. ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்.பி. படித்தால், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. படிக்கும், என்.வி.எம்.இ. வகை 3,000 எம்.பி.யையும் தாண்டும். அந்தத் தாயாருக்கு நான் சொன்ன விடையும் இதுவே: இடம் 64 ஜி.பி. குறைந்தது, வேகம் பன்மடங்கு கூடியது. ஆகவே கணினிக்குள் எஸ்.எஸ்.டி., கூடுதல் சேமிப்புக்கு வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க். இதுவே என் பரிந்துரை. அதே கொள்ளளவுக்கு ஹார்ட் டிஸ்க் விலை குறைவு என்பதும் ஒரு காரணம்.

பழைய கணினியில் மாற்றிப் பொருத்துவோர் அளவைக் கவனிக்க வேண்டும். பல மடிக்கணினிகளில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள டிஸ்க்கிற்குத்தான் இடமிருக்கும். 4 டி.பி., 5 டி.பி. ஹார்ட் டிஸ்குகள் 15 மில்லிமீட்டர். அவை உள்ளே நுழையா. எம்.2 என்னும் பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இருவகை உண்டு. பார்வைக்கு அக்காள் தங்கை போல் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமற் போகலாம். கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்? கட்டுரைகளும் கணக்குகளும் எத்தனை எழுதினாலும் இடம் பிடிக்கா. இடத்தை விழுங்குவது வீடியோதான். கைப்பேசியில் எடுத்த ஒரு மணி நேர வீடியோ 8 ஜி.பி. அளவு வரும், நம் ஆண்டு விழா மூன்று மணி நேரம் என்றால் 24 ஜி.பி. பெரும்பாலான மாணவியர்க்கு 512 ஜி.பி. தாராளம். 1 டி.பி. வாங்கியவர்கள் திரையில் 931 என்று கண்டு ஏமாந்ததாக எண்ண வேண்டா. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி 1,024, 1,024ஆக எண்ணுகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவியரே, மூன்று முறை வகுத்துப் பாருங்கள்!

உண்மையான ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு 16 டி.பி. என விளம்பரமாகும் டிஸ்குகளை வாங்காதீர்கள். உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பார்கள். இடம் தீர்ந்த பின்னும் அது மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும்; முன்பு எழுதியவை சத்தமின்றி அழியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதையும் நிரப்பிப் படித்துப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும்.

எத்தகைய டிஸ்கும் ஒருநாள் நிற்கும். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் ‘டிக் டிக்’ என்று முனகி எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. பல நேரம் சொல்லாமலே போய்விடும். மின்சாரம் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டினால் அதன் மின்னூட்டமும் கசியலாம். ஆதலால் இரண்டாம் பிரதி அவசியம், அதுவும் வேறு வீட்டில். 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழை நம் தென்மாவட்டங்களில் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது! ஒரே அலமாரியில் இரு பிரதிகள் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். நமக்கு அருகிலுள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்து வைத்திருந்த ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் வந்தார். அவை முன்னரே நெருப்பில் இடப்பட்டன என்ற செய்தியைத்தான் கேட்டார். அவற்றுள் வேறெங்கும் படியெடுக்கப்படாதவை எவையோ, அவை போயின போயினவே.

இறுதியாக, பழைய விலையில்லா மடிக்கணினியை எடைக்குப் போட எண்ணும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அதன் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, யு.எஸ்.பி. உறையில் இட்டுப் புதுக் கணினியுடன் இணைத்துப் பாருங்கள். அக்காளின் பத்தாண்டுக்கு முந்தைய படங்கள் இன்னும் அதில் இருக்கக்கூடும். முதலில் அவற்றைப் படியெடுத்துக்கொள்ளுங்கள்.