வேலை முடிந்தபின் தொடங்கிய வேலை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், குவைடர் தெரு, 186-ஆம் எண் வீடு. வெளியே பார்த்தால், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் பூவும் கொடியும்!

1886-இல் இதை வாங்கியவர் டேவிட் பார். தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் சுவர் அலங்காரம் செய்துவந்த லீச் நிறுவனத்தின் ஓவியத் தொழிலாளி. வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் வடிவங்களைச் சுவரில் ஏற்றிய நிறுவனம் அது. பகலில் ஊரார் சுவர். இரவில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், தன் வீட்டுச் சுவர்.

அந்தக்காலச் சுவர் ஓவியர்களின் வேலைமுறையே தனி அழகு. காகிதத்தில் வரைந்த கோடுகள்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார்கள். அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டுவார்கள். சுவர்ப்பூச்சின்மேல் புள்ளிகள் விழும்; கோலம் இழுப்பதுபோல் தூரிகை அவற்றை இணைக்கும்.

1927-இல் பார் காலமானார். பாட்டிக்குத் துணையாகப் பன்னிரண்டு வயதில் வந்த பேத்தி, 85 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, தாத்தாவின் ஓவியங்களைக் காத்துவந்தார். அவர் ஒருமுறை சுண்ணாம்பு அடித்திருந்தால் எல்லாமே போயிருக்கும். 2019 முதல் அந்த வீட்டைப் பொதுமக்களும் பார்க்கலாம்.