நிறம் மாறிய மழை: காரணம் என்ன? செய்ய வேண்டியது என்ன?

வாசலில் வைத்த பாத்திரத்தில் மழைநீர் சிவந்தோ கறுத்தோ விழுந்தால் மனம் திடுக்கிடும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் முதல் ஐயம் பட்டாசுப் புகையின் மேல்தான் விழும். அது எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

கேரளச் செம்மழை

2001-ஆம் ஆண்டு ஜூலை 25 முதல் கேரளத்தின் கோட்டயம், இடுக்கி மாவட்டப் பகுதிகளில் செந்நிற மழை விட்டுவிட்டுப் பெய்தது. விண்கல் வெடித்த தூசி என்று முதலில் கருதப்பட்டது. திருவனந்தபுரம் புவி அறிவியல் ஆய்வு மையமும் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனமும் மேலும் ஆராய்ந்தபோது, அவை 'டிரென்டிபோலியா' என்னும் பாசியின் வித்துத்துகள்கள் என்று தெரிந்தது. மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் பாசி இது. துகள்களை ஆய்வகத்தில் வளர்த்தும் பார்த்தனர்.

நம் பகுதியில்

காற்றில் எழும் செம்மண் புழுதியையும் தேரி மணலின் நுண்தூசியையும் முதல் மழை கழுவி இறக்கும், நீர் செம்பழுப்பாகும். புகைக்கரி கலந்தால் கருமை தட்டும். இலைகளில் மஞ்சள் பொட்டுகள் மட்டும் காணப்பட்டால், அது மகரந்தம் உண்ட தேனீக்களின் எச்சமாக இருக்கலாம்.

பட்டாசில் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை சேர்கின்றன. கந்தகம் எரிந்து எழும் வாயு மழையில் கரைந்தால் நீர் அமிலமாகும். ஆனால் நிறம் மாறாது. ஆகவே நிறமுள்ள மழையெல்லாம் நஞ்சல்ல. தெளிந்த மழையெல்லாம் தூயதுமல்ல. சுக்கான் கல் கலந்த கரிசல் மண், சிறிதளவு அமிலத்தைச் சுண்ணாம்புச் சத்தால் முறித்துவிடும். குடிநீர்த் தொட்டிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

செய்ய வேண்டியவை

1. கூரைத் தண்ணீரைச் சோதனைக்குப் பிடிக்காதீர்கள். தகரத் துருவும் ஓட்டுத் தூசியும் அதில் கலந்திருக்கும். திறந்த வெளியில் சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் பிடியுங்கள்.

2. ஓரிரவு கண்ணாடிப் புட்டியில் தெளிய விடுங்கள். வண்டல் விரலில் நறநறத்தால் மண் தூசி. மையாக ஒட்டினால் கரி. இரண்டும் இல்லையெனில் நுண்ணோக்கியில்தான் தெரியும்.

3. இன்னொரு புட்டியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, ஊர், தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். தாமதியாமல் வேளாண்மை அலுவலரிடமோ அருப்புக்கோட்டை வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ காட்டி ஆலோசனை பெறுங்கள்.

4. காரணம் தெரியும்வரை அந்நீரைக் குடிக்கவோ கால்நடைக்குக் காட்டவோ வேண்டாம். கீரை, காய்கறிகளை நல்ல நீரில் அலசிய பின்னரே பயன்படுத்துங்கள்.

வதந்தியைக் கேட்டு விளைந்த பயிரை அழித்துவிடாதீர்கள். ஒரு புட்டி மழைநீர் உண்மையைச் சொல்லும்.